வால்வில் கால்சியம் படிந்தால் பக்கவாதம் வருமா? எக்கோ ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் புரிந்துகொள்வோம்

சேலத்தில் கண்புரை அறுவைக்கோ மூட்டு மாற்று அறுவைக்கோ நாள் குறித்த பெரியவர்களை, இதயம் தாங்குமா என்று பார்க்க முதலில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து வரச் சொல்வார்கள். ரிப்போர்ட்டில் இதயத்தின் பம்பு பலம் 60 சதவீதம், சுவர் அசைவு நார்மல் என்று எல்லாம் நன்றாகவே இருக்கும். கடைசி வரியில் மட்டும் ‘அயோர்ட்டிக் வால்வு ஸ்க்ளீரோட்டிக்’ (வால்வு தடித்திருக்கிறது) என்றோ ‘எம்.ஏ.சி. இருக்கிறது’ என்றோ ஒரு குறிப்பு. அறுவைக்குத் தடையில்லை என்று டாக்டர் சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளைகள் செல்போனில் தேடினால் ‘பக்கவாத அபாயம் இரண்டு மடங்கு’ என்று வரும். அதோடு வீட்டில் நிம்மதி போய்விடும்.

அந்த ‘இரண்டு மடங்கு’ ஓர் உண்மையான ஆய்விலிருந்து வந்த எண்தான். ஆனால் அதைப் படிப்பவர்கள் உடனே கற்பனை செய்வது, வால்வில் ஒட்டியிருக்கும் கால்சியம் ஒருநாள் பெயர்ந்து மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும் என்று. அப்படி நடப்பதுண்டு, ஆனால் அரிது. பெரும்பாலானவர்களுக்கு அந்தப் படிவு வேறு மூன்று விஷயங்களின் அடையாளம்: தாளம் தப்பிய இதயத் துடிப்பு, பல வருடமாகக் கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கழுத்திலும் மூளைக்குள்ளும் போகும் ரத்தக்குழாய்களில் கொழுப்புப் படிவு. இந்த மூன்றுக்கும் நல்ல மருந்து இருக்கிறது. வால்வில் படிந்த கால்சியத்தைக் கரைக்க இன்று வரை மருந்து கிடையாது. இந்தக் கட்டுரை அந்த மூன்றைத் தேடிப் பிடிப்பதைப் பற்றியது.

எந்த வால்வு, எந்த இடம்

நான்கு வால்வுகளில் இடப்பக்கத்து இரண்டில்தான் கால்சியம் அதிகம் படிகிறது, ஏனென்றால் அழுத்தம் அங்கேதான் அதிகம். அயோர்ட்டிக் வால்வு இதயத்திலிருந்து ரத்தம் உடலுக்குப் புறப்படும் வாசல். அதன் மூன்று இதழ்களும் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதவை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. முழுதாகத் திறந்தால் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கும். மைட்ரல் வால்வு இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது. கதவுக்கு நிலை இருப்பதைப் போல அந்த வால்வைச் சுற்றி நார்த்தன்மையுள்ள ஒரு வளையம் இருக்கிறது. எம்.ஏ.சி. என்று எழுதப்படுவது அந்த வளையத்தில், பெரும்பாலும் அதன் பின்பகுதியில், படியும் கால்சியம். இதழ்கள் ஒழுங்காகவே அசையும், வளையம் மட்டும் கல்லாகியிருக்கும். அதனால்தான் எம்.ஏ.சி. உள்ள பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை.

வயதானால் வால்வு தேய்ந்து கால்சியம் ஒட்டிக்கொள்கிறது என்றுதான் மருத்துவர்களே ஒரு காலத்தில் நினைத்தார்கள். வெட்டி எடுத்த வால்வுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததும் அது மாறியது. முதலில் இதழின் மேல்தோல் சேதமாகிறது, அதன் வழியாகக் கெட்ட கொழுப்பு உள்ளே இறங்குகிறது, அழற்சி உண்டாகிறது. பிறகு வால்வில் இருக்கும் செல்களே எலும்பு கட்டும் செல்களைப் போல மாறிக் கால்சியத்தைக் கட்ட ஆரம்பிக்கின்றன. அறுவையில் எடுத்த வால்வுகளை 2001-ல் ஆராய்ந்தபோது நூற்றுக்குச் சுமார் 13-ல் முழு வளர்ச்சியடைந்த எலும்புத் திசுவே இருந்தது. ஆக, இது உடல் தானே நடத்தும் ஒரு வேலை. அதைத் தூண்டுபவை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை, எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு, சிறுநீரகக் கோளாறு. லிப்போபுரோட்டீன்-ஏ என்ற ஒருவகைக் கொழுப்பும் காரணம். அது பரம்பரையாக வருவது, சாப்பாட்டைக் குறைத்துக் குறைக்க முடியாது. வாழ்நாளில் ஒருமுறை அதைப் பரிசோதித்துக்கொண்டால் போதும்.

அயோர்ட்டிக் வால்வு சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழோடு அமைந்திருக்கும், நூற்றில் ஒருவர் இருவருக்கு. அவர்களுக்கு ஐம்பதுகளிலேயே வால்வு சுருங்கத் தொடங்கலாம். 55 வயதுக்காரரின் ரிப்போர்ட்டில் கனமான கால்சியம் என்று வந்தால் இதழ் இரண்டா மூன்றா என்று கேட்க வேண்டும். இரண்டு என்றால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை எக்கோ எடுத்துக்கொள்வது நல்லது.

போர் தண்ணீரும் கேழ்வரகும் குற்றவாளிகளா?

வெள்ளைக்கல் வெட்டி எடுக்கும் ஊர் சேலம். போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள், வால்விலும் அதுதான் படிந்திருக்கிறது என்று நினைப்பது இயல்பு. உடனே ஆர்.ஓ. மெஷின் வாங்குகிறார்கள், பாலை நிறுத்துகிறார்கள், கேழ்வரகுக் களியை ஒதுக்குகிறார்கள். இதில் ஒன்றும் வால்வைக் காப்பாற்றாது. ரத்தத்தில் கால்சியத்தின் அளவைப் பாராதைராய்டு சுரப்பியும் சிறுநீரகமும் எலும்பும் சேர்ந்து மிகக் குறுகிய வரம்புக்குள் வைத்திருக்கின்றன. குடிக்கும் தண்ணீர் கடினமானதா என்பதால் அது மாறாது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எழுபது வயதுப் பெண்ணிடம் அதை நிறுத்தச் சொன்னால் இடுப்பெலும்பு முறிவுக்கு வழி செய்ததாகத்தான் முடியும்.

மாத்திரை வேறு விஷயம். மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய கால்சியம் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குபவர்கள், வால்வு சுருக்கம் தெரிந்ததும் அது உண்மையில் தேவையா என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ரத்தத்தில் பாஸ்பேட் ஏறுவதால் வால்வு வெகு வேகமாகக் கல்லாகிறது. அவர்களுக்கு எந்தக் கால்சியம், எவ்வளவு என்பதைச் சிறுநீரக மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைப் பற்றியும் கேட்பார்கள். அதோடு வாயில் அடக்கும் புகையிலையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இன்னொரு பக்கம், கரைக்கிற மருந்து என்று விற்கப்படுபவை. விட்டமின் கே2 கால்சியத்தை வால்விலிருந்து எலும்புக்கு அனுப்பிவிடும் என்று விளம்பரம் வருகிறது. டென்மார்க்கில் 365 ஆண்களுக்கு விட்டமின் டி-யோடு சேர்த்து இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். படிவு வளரும் வேகம் குறையவில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளும் வால்வுச் சுருக்கத்தைத் தடுக்கவில்லை என்று 2005, 2008, 2010-ல் வந்த மூன்று சோதனைகளும் ஒன்றுபோலச் சொல்லின. இதைக் கேட்டுவிட்டு ஸ்டாட்டினை நிறுத்திவிடுபவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். வால்வுக்குப் பயன்படாவிட்டாலும் ரத்தக்குழாய்க்கு அது பயன்படுகிறது, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கிறது. டாக்டர் எழுதித் தந்தது அதற்காகத்தான்.

‘இரண்டு மடங்கு’ எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் பக்கவாதம் வராத 1,159 முதியவர்களுக்கு 1979 முதல் 1981 வரை எக்கோ எடுத்து, எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மைட்ரல் வளையத்தில் கால்சியம் இருந்தவர்களுக்குப் பக்கவாதம் 2.1 மடங்கு அதிகம் வந்தது. படிவின் தடிமன் ஒவ்வொரு மில்லிமீட்டர் கூடும்போதும் அபாயம் 24 சதவீதம் கூடியது. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, துடிப்புக் கோளாறு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் தொடர்பு மிஞ்சியது. 1992-ல் வெளியான இந்த ஆய்வுதான் இணையம் முழுக்கச் சுற்றுகிற எண்ணுக்கு மூலம்.

அயோர்ட்டிக் வால்வின் வெறும் தடிப்புக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு வலுவானதில்லை. அது 65 வயதைத் தாண்டியவர்களில் நால்வரில் ஒருவருக்கு இருக்கிறது. ஆனால் 1999-ல் வெளியான ஆய்வில், சுருக்கம் எதுவும் இல்லாமல் வெறும் தடிப்பு மட்டும் இருந்தவர்களுக்கும் இதய ரத்தக்குழாய் நோயால் மரணம் சுமார் 50 சதவீதம் அதிகமாக இருந்தது. இதழ் தடித்ததால் யாரும் இறக்கவில்லை. இதழில் நடந்த அதே வேலை ரத்தக்குழாய்களிலும் நடந்துகொண்டிருந்தது. எனவே ரிப்போர்ட்டில் ‘ஸ்க்ளீரோட்டிக்’ என்று வந்தால், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எல்.டி.எல்.லும் எந்த அளவில் இருக்கின்றன என்று அந்த வாரமே பார்ப்பதுதான் பொருத்தமான பதில்.

வால்விலிருந்தே நேராக அடைப்பு கிளம்பும் வழிகளும் சில உண்டு. கரடுமுரடான படிவின்மேல் சிறு ரத்தக்கட்டி உருவாகலாம். கால்சியத் துணுக்கே உதிர்ந்து போகலாம். அப்படிப் போனால் சி.டி. ஸ்கேனில் மூளை ரத்தக்குழாய்க்குள் வெள்ளைப் பொட்டாகத் தெரியும், கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அது மசியாது. மூன்றாவது, சேதமான வால்வில் கிருமி குடியேறுவது. பெரியவருக்குக் காரணம் தெரியாமல் இரண்டு வாரமாகக் குளிர்காய்ச்சல், கூடவே பசியின்மை, எடைக் குறைவு என்றால், வால்வில் கால்சியம் இருப்பதை டாக்டரிடம் சொல்லி, ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுக்கச் செய்ய வேண்டும். மாத்திரை இரண்டு நாள் உள்ளே போய்விட்டால் கிருமி கல்ச்சரில் வளராமல் போகலாம், எது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

மணிக்கட்டில் ஒரு நிமிடம்

மைட்ரல் வளையம் கல்லாகும்போது பக்கத்தில் இருக்கும் மேலறையும் விரிகிறது, அதன் மின்னோட்டம் குழம்புகிறது. அப்படி வரும் துடிப்புக் கோளாறைத்தான் டாக்டர்கள் ஏ.எஃப். என்கிறார்கள். மேலறை சீராகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். அதன் ஓரத்தில் இருக்கும் சிறு பையில் ரத்தம் தேங்கி உறையும், உறைந்த கட்டி மேலேறிப் போனால் மூளை. ஏ.எஃப். உள்ளவருக்குப் பக்கவாத அபாயம் ஐந்து மடங்கு. இவ்வகையில் வரும் பக்கவாதம் பெரிய ரத்தக்குழாயை அடைப்பதால் சேதமும் பெரிது.

கெட்ட செய்தி என்னவென்றால் ஏ.எஃப். பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. படபடப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நல்ல செய்தி, அதைப் பிடிக்க விரலே போதும். பெரியவரை ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை மடியில் வைத்து, கட்டைவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டின் ஓரத்தில் உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதில் உங்கள் நாடியே துடிக்கும். அழுத்தினால் நாடி மறைந்துவிடும். 30 நொடிக்கு எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாமல் தாளத்தை மட்டும் கவனியுங்கள். எப்போதாவது ஒரு துடிப்பு விட்டுப் போனால் அது பெரும்பாலும் பயப்படக்கூடியதல்ல. எந்த ஒழுங்கும் பிடிபடாமல், நீளமும் குட்டையுமாக, வலுத்தும் மெலிந்தும் வந்துகொண்டே இருந்தால் ஒரு முழு நிமிடம் எண்ணி எழுதிக்கொண்டு அன்றே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்தாலும் போதும். வீட்டில் இருக்கும் பி.பி. மெஷின் மூன்று முறை மூன்று விதமாகக் காட்டுவதும், ‘எர்ரர்’ என்று வருவதும்கூடச் சில நேரம் ஏ.எஃப்.பின் அடையாளம்தான். மெஷின் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கும் முன் நாடியைப் பிடித்துப் பாருங்கள்.

ஏ.எஃப். வந்து வந்து போகும் வகையும் உண்டு. ஈ.சி.ஜி. எடுக்கும் பத்து நொடியில் அது சிக்காது. எம்.ஏ.சி.யும் விரிந்த மேலறையும் உள்ளவருக்குப் படபடப்போ விளக்கமில்லாத மயக்கமோ இருந்தால் துடிப்பை 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி மாட்டிப் பார்க்கலாம். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஏற்காட்டில் காப்பியைத்தான் முதலில் நிறுத்தச் சொல்கிறார்கள். நாளைக்கு இரண்டு டம்ளர் காப்பியால் துடிப்பு தடம்புரளும் என்பதற்கு ஆதாரமில்லை. மதுவுக்கு நிறையவே இருக்கிறது.

ஏ.எஃப். உறுதியானால் அடுத்த கேள்வி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேண்டுமா என்பது. அதற்கு ஒரு புள்ளிக்கணக்கு இருக்கிறது. 65 முதல் 74 வயது என்றால் 1, 75 அல்லது அதற்கு மேல் 2, ரத்த அழுத்தம் 1, சர்க்கரை 1, இதயச் செயலிழப்பு 1, ரத்தக்குழாய் நோய் 1, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்பதற்கு முன்பு தனியாக ஒரு புள்ளி இருந்தது, 2024-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை எடுத்துவிட்டது. மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் என்றால் மாத்திரை தேவை. பி.பி.யும் சர்க்கரையும் உள்ள 72 வயதுக்காரருக்கு 3 வந்துவிடுகிறது.

இங்கேதான் நம் ஊரில் அடிக்கடி தவறு நடக்கிறது. வயதானவருக்கு ‘வீரியமான’ மாத்திரை வேண்டாம், ஆஸ்பிரினே போதும் என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். ஏ.எஃப்.பில் வார்ஃபரின் வகை மாத்திரை பக்கவாதத்தைச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது, ஆஸ்பிரின் ஐந்தில் ஒரு பங்கு. 75 வயதைத் தாண்டியவர்களை மட்டுமே வைத்துப் பிரிட்டனில் செய்து 2007-ல் வெளியிட்ட சோதனையில் வார்ஃபரின் எடுத்தவர்களுக்கு ஆஸ்பிரின் எடுத்தவர்களைவிடப் பக்கவாதம் பாதியாக இருந்தது, பெரிய ரத்தக்கசிவு அதிகமாகவில்லை. புதிய வகையான அபிக்சபான் போன்றவற்றுக்கு, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை தேவையில்லை. அபிக்சபானின் வழக்கமான அளவு 5 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல், இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5 ஆகக் குறைப்பார்கள். பயந்துபோய் நாமாகவே பாதியாக்கினால் ரத்தக்கசிவு குறைகிறதோ இல்லையோ, பாதுகாப்பு குறைந்துவிடும்.

வார்ஃபரினோ, அதே வகையான அசிட்ரோமோ எடுப்பவர்கள் தினமும் ஒரே நேரத்தில் எடுத்து, ஐ.என்.ஆரை 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் போதும், அதற்கேற்ப மாத்திரை அளவு அமைந்துவிடும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், வயிற்றுப்போக்குக்குப் போடும் மெட்ரோனிடசோல், பூஞ்சைக்குத் தரும் ஃபுளூகோனசோல் இவைதான் சட்டென்று ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடுகின்றன. புது மாத்திரை எதைத் தொடங்கினாலும் நான்கைந்து நாளில் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும்.

ஏ.எஃப். இல்லாமல், முன்பு பக்கவாதமும் வராமல், வால்வில் கால்சியம் மட்டும் இருந்தால் இந்த மாத்திரைகள் எதுவும் தேவையில்லை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தொடங்குவது தேவையில்லாத ரத்தக்கசிவு.

சிறு வயதுக் காய்ச்சல் விட்டுச்சென்ற வால்வு

எல்லாக் கால்சியமும் வயதால் வந்ததில்லை. சிறு வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பின் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்ட தலைமுறை சேலத்திலும் சேர்வராயன் மலை ஊர்களிலும் இன்னும் இருக்கிறது. அந்த ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் இதழ்களின் ஓரங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும், பிற்காலத்தில் அதன்மேல் கால்சியம் ஏறும். ஏ.எஃப்.போடு இதுவும் சேர்ந்தால் பக்கவாத அபாயம் 17 மடங்கு என்று ஃபிராமிங்ஹாம் கணக்கே சொல்கிறது. இவர்களுக்குப் புள்ளிக்கணக்கு போட வேண்டிய அவசியமே இல்லை, மாத்திரை கட்டாயம். அதுவும் பழைய வார்ஃபரின் வகைதான். 2022-ல் வந்த இன்விக்டஸ் சோதனையில் ருமாட்டிக் வால்வு உள்ளவர்களுக்குப் புதிய வகை ரிவரோக்சபானைவிட அதுவே உயிரைக் காத்தது. ஆகவே ‘ஐ.என்.ஆர். தொல்லை இல்லாத மாத்திரைக்கு மாற்றிக் கொடுங்கள்’ என்று கேட்கும் முன், வால்வு எந்த வகை என்று ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டும். உலோக வால்வு வைத்தவர்களுக்கும் இதே விதி.

வழி எவ்வளவு சுருங்கியிருக்கிறது?

அயோர்ட்டிக் வால்வைப் பொறுத்தவரை ரிப்போர்ட்டில் தேட வேண்டிய எண் ரத்தம் பாயும் வேகம். நொடிக்கு 2 மீட்டருக்குக் கீழ் என்றால் வெறும் தடிப்பு. 2 முதல் 2.9 வரை லேசான சுருக்கம், மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எக்கோ போதும். 3 முதல் 3.9 வரை நடுத்தரம், ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 4-ஐத் தொட்டாலோ, வழி ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கீழ் போனாலோ தீவிரம். சுருங்கத் தொடங்கிய வால்வில் வேகம் வருடத்துக்குச் சராசரியாக 0.3 மீட்டர் கூடும்.

மலையில் இருப்பவர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள். எஸ்டேட் சரிவில் நாற்பது வருடம் ஏறி இறங்கியவர் பாதி ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்கினால், வயசாயிருச்சு என்று தானும் நினைக்கிறார், மற்றவர்களும் நினைக்கிறார்கள். பிறகு அவர் மேட்டுப்பக்கம் போவதையே நிறுத்திவிடுகிறார், அதனால் மூச்சு வாங்குவதும் நின்றுவிடுகிறது. டாக்டர் கேட்டால் ‘ஒரு தொந்தரவும் இல்லைங்க’ என்பார். கேட்க வேண்டிய கேள்வி, போன வருடம் நிற்காமல் ஏறிய ஏற்றத்தை இப்போது ஏற முடிகிறதா என்பது. தீவிரச் சுருக்கத்தில் மூச்சிரைப்போ நெஞ்சு இறுக்கமோ ஏறும்போது மயக்கமோ வந்துவிட்டால், வால்வை மாற்றாமல் விட்டால் ஆயுள் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வருடம்தான். இவர்களுக்கு நெஞ்சுவலி என்று நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரை வைத்தால் ரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடலாம்.

சுருங்கிய வால்வும் ரத்தசோகையும் சேர்ந்து வருவதையும் கவனிக்க வேண்டும். குறுகிய வழியில் பீறிட்டுப் போகும்போது ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் அறுபட்டுப்போகிறது, குடலில் இருக்கும் மெல்லிய குழாய்கள் கசிகின்றன. ஹீமோகுளோபின் திரும்பத் திரும்ப இறங்கி, இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் இதுவும் காரணமாக இருக்கலாம். வால்வை மாற்றினால் கசிவு பெரும்பாலும் நிற்கிறது. ஏ.எஃப்.புக்கு மாத்திரை எடுக்க வேண்டிய ஒருவருக்கு இது மிக முக்கியமான தகவல்.

தொடை வழியாகக் குழாய் விட்டு வால்வு பொருத்தும் டாவி முறையை 2002-ல் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே முதலில் செய்தார். கல்லான பழைய வால்வை நசுக்கித்தான் புதியது உட்காரும் என்பதால், துணுக்குகள் மூளைக்குப் போகும் வாய்ப்பு உண்மையிலேயே அங்கே இருக்கிறது. அதைப் பிடிக்கும் வலைச் சாதனத்தை 3,000 பேரிடம் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். வலை வைத்தவர்களில் 2.3 சதவீதத்தினருக்கும், வைக்காதவர்களில் 2.9 சதவீதத்தினருக்கும் பக்கவாதம் வந்தது. அந்த வித்தியாசம் உறுதியானதல்ல. நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்ற இந்த எண்ணைக் கையெழுத்துப் போடும் முன் குடும்பத்தார் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். செய்யாமல் விட்டால் வரும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு என்பதையும் சேர்த்துத்தான்.

மலையிலிருந்து இறங்கும் நேரம்

இவ்வளவுக்கும் பிறகும் வாய் கோணுகிறது, ஒரு கை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம், அதாவது 270 நிமிடம். அது மருத்துவமனை வாசலில் தொடங்குவதில்லை, கடைசியாக அவர் நன்றாக இருந்த நிமிடத்தில் தொடங்குகிறது. காலையில் எழும்போதே கை வரவில்லை என்றால் இரவு படுத்த நேரம்தான் கணக்கு. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். உள்கிராமங்களுக்கு அதற்கு மேல். ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் இன்னொரு மணி நேரம் ஒதுக்குங்கள். வண்டி கிடைக்கும் நேரத்தையும் சேர்த்தால், வீட்டில் யோசிக்க அரைமணிகூடக் கொடுக்கக் கூடாது. ஆழ்ந்த மலை ஊரில் இருப்பவர்கள் குப்பனூர் பாதையா, ஏற்காடு பாதையா, எது சீக்கிரம் என்பதை நல்ல நாளிலேயே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால் கட்டியைக் குழாய் விட்டு எடுக்கும் சிகிச்சை, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யப்படுகிறது. அதனால் நேரம் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது.

வழியில் தண்ணீர், காப்பி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குப் போகும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, ஏனென்றால் உள்ளே அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் சுகாதார நிலையங்களில் தரும் மாத்திரைகள் மாரடைப்புக்கானவை, வாதத்துக்கு அல்ல. புறா ரத்தம் தடவுவதும் எண்ணெய்க்கட்டுப் போடுவதும் தின்பது அந்த 270 நிமிடத்தைத்தான். சர்க்கரை நோயாளி என்றால் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், சர்க்கரை இறங்கினாலும் கை விழும், பேச்சு குழறும். ஐந்து பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் புறப்பட்டே ஆக வேண்டும். அடுத்த இரண்டு நாளில் பெரிதாக வரும் வாய்ப்பு அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

108-ஐ அழைக்கும்போது ‘மயக்கம்’ என்று சொல்லாமல் ‘பக்கவாதம், இத்தனை மணிக்கு வந்தது’ என்று சொல்லுங்கள். சி.டி. ஸ்கேன் இருக்கும் இடத்துக்கு நேராகப் போக வேண்டும் என்பதையும் கேளுங்கள். கையோடு எடுத்துப் போக வேண்டியவை முதல்வர் காப்பீட்டு அட்டை, கடைசி எக்கோ ரிப்போர்ட், மாத்திரைப் பை. அந்தப் பையில் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை இருந்தால், கடைசியாக எத்தனை மணிக்கு விழுங்கினார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐ.என்.ஆர். 1.7-க்கு மேல் இருந்தாலோ, புதிய வகை மாத்திரையைக் கடந்த 48 மணி நேரத்துக்குள் எடுத்திருந்தாலோ கரைக்கும் ஊசியைப் போட மாட்டார்கள், வேறு வழியைப் பார்ப்பார்கள். அவசரப் பிரிவில் டாக்டர் முதலில் கேட்கும் இரண்டு கேள்விகள், எப்போது ஆரம்பித்தது, கடைசி மாத்திரை எப்போது. கூடப் போகிறவருக்கு இரண்டுக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.